இணைப்பில்லாத வீடு

"தட்பனுக்கு மேல ஏதாவது மூடி போட்டிருக்கீங்களாம்மா?" என்று அமலோற்பவம் கேட்டாள்.

மறுமுனையில் இருந்த பெண்மணி கொஞ்சம் யோசித்தாள். "மூடியெல்லாம் இல்ல. தூசி விழுமேன்னு ஒரு துணி. எங்க மக பூப்போட்டுப் பின்னுனது."

"அத எடுத்துருங்க. அதுக்குக் கண்ணு தெரியல."

துணி எடுக்கப்பட்டது. தட்பனுக்குக் கண் தெரிந்தது. வீட்டில் நாலு பேர் வெந்துகொண்டிருப்பதைப் பார்த்துக் குளிர்நீர் வால்வைத் திறந்தது. பெண்மணி நன்றி சொன்னாள். போனை வைப்பதற்கு முன், "ராத்திரி மட்டும் மூடிக்கிடலாமா?" என்று ஒரு சந்தேகம் கேட்டாள்.

பாளையங்கோட்டையில் தட்பன்கள் பெரும்பாலும் இப்படித்தான் கெட்டன. தட்பன் என்பது கூடத்துச் சுவரில் தோசைக்கல் அகலத்துக்கு மாட்டியிருக்கும் கருவி. வீட்டில் இருப்பவர்களின் தோல்சூடு, நாடி, வியர்வை எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே பார்த்து, தெருமுனையில் இருக்கும் பனித்தொட்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு வீடு ஏ.சி. வைத்திருந்த காலத்தில் உள்ளே குளிர்ந்தவர்கள் வெளியே விட்ட வெக்கையில் தெரு கொதித்தது. பிறகு சட்டம் வந்து ஏ.சி.க்களை எல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, தெருவுக்கு ஒரு தொட்டி கட்டிக் கொடுத்தது. இரவில் தொட்டி உறையும். பகலில் அது உருகி, குழாய் வழியாக வீட்டுச் சுவர்களுக்குள் ஓடும். யாருக்கு எவ்வளவு குளிர் என்பதைத் தட்பன்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும். சிபாரிசு செல்லாது, சண்டை போட்டுப் பயனில்லை. உடம்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

தட்பக் கழகத்தின் பழுதுக்குரல் பிரிவில் அமலோற்பவம் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். துணி போட்டு மூடியது போக, வரும் அழைப்புகள் இரண்டே வகைதான். ஒன்று மின்சாரம் போயிருக்கும், இல்லாவிட்டால் தொடர்பு போயிருக்கும். ஊருக்குப் புறப்படும்போது வீட்டில் உள்ள சுவிட்சுகளை எல்லாம் அணைத்து, பிளக்குகளையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போவது நம் ஜனங்களின் வழக்கம். அதற்காகத்தான் தட்பனுக்குள் இரண்டு பேட்டரி செல் வைத்திருந்தார்கள். அந்தச் செல்லைக் கழற்றிச் சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டுக்கொண்டவர்கள் பாதிப்பேர். வைஃபை பெட்டி திருடு போய்விடும் என்று அதை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, "சிக்னலே வரல" என்று அழுதவர்கள் மீதிப்பேர்.

அமலோற்பவத்திடம் ஒரு பழக்கம் உண்டு. பழுதைச் சரிசெய்துவிட்டு விடமாட்டாள்; ஏன் பழுதானது என்று விளக்கிச் சொன்னால்தான் அவளுக்கு மனம் ஆறும். "சுருக்கமாகப் பேசுங்கள்" என்று கழகம் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டது. அவள் கேட்கவில்லை.

தட்பன்மேல் அவளுக்கு இருந்த பக்திக்குக் காரணம் அவள் புருஷன் தனிஸ்லாஸ். நூற்பாலையில் கொதிகலன் வெடித்து அவன் நெஞ்சும் முதுகும் கைகளும் வெந்துபோயின. டாக்டர்கள் எங்கெங்கிருந்தோ தோலை எடுத்து ஒட்டி அவனைப் பிழைக்கவைத்தார்கள். ஒட்டுத்தோலுக்கு வியர்க்கத் தெரியாது. வியர்க்காத உடம்பில் சூடு ஏறினால் இறங்காது. தட்பன் இதை வந்த முதல் நாளே பார்த்துத் தெரிந்துகொண்டது. மற்ற வீடுகள் இருபத்தொன்பது டிகிரியில் இருந்தால், தனிஸ்லாஸின் அறை இருபத்துநான்கில் இருந்தது. தெருவில் யாரும் அதற்கு முகம் சுளித்ததில்லை. அவனும் அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு, கணினியோடு சதுரங்கம் ஆடித் தோற்று, அதைத் திட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்தான்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் அடுத்த வீட்டுச் சண்முகவடிவு வந்து கதவைத் தட்டினாள். ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. மகன் மஸ்கட்டில் இருந்தான்.

"ஏட்டி அமலு, எங்க வீட்டு தட்பன் செத்துப் போச்சுட்டி. லைட்டே எரியல."

அமலோற்பவம் போய்ப் பார்த்தாள். வாசலைத் தாண்டியதுமே அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. குற்றாலத்தில் சாரல் காலத்தில் நிற்பதுபோல் வீடு ஜில்லென்றிருந்தது. தட்பனோ இருண்டு கிடந்தது.

"வடிவக்கா, நீங்க எப்ப வெளிய போனீங்க?"

"நேத்து சாயங்காலம் தென்காசிக்கு. தங்கச்சி மருமகளுக்கு வளைகாப்பு. பிளக்கெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு, வெளக்கேத்திக் கும்பிட்டுட்டுத்தான் கெளம்புனேன். இப்பத்தான் வாறேன்."

அமலோற்பவம் தட்பனின் பின்மூடியைத் திறந்தாள். செல் இல்லை. அது டி.வி. ரிமோட்டில் இருந்தது. ரிமோட்டிலிருந்து செல்லை எடுத்துப் போட்டாள், பிளக்கைச் சொருகினாள். விளக்கு சிவப்பில் மினுக்கிப் பச்சைக்கு வந்தது. தட்பன் சண்முகவடிவை மேலும் கீழும் பார்த்தது. வால்வு படக்கென்று குறுகியது. கொஞ்ச நேரத்தில் வீடு பழையபடி இருபத்தொன்பதுக்கு வந்து நின்றது.

"நல்லா இருந்தத வந்து கெடுத்துட்டியே!" என்றாள் சண்முகவடிவு.

அமலோற்பவத்துக்கும் புரியவில்லை. கழகத்துப் பொறியாளர் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"அது விதிம்மா," என்றார் அவர். "தட்பன் வந்த மொதக் கோடையில ஒரு வீட்டுல அணில் வயரக் கடிச்சுட்டு. தகவல் வரலைன்னு தொட்டி குளிர நிறுத்திட்டு. உள்ள ரெண்டு பேர் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் கமிட்டி போட்டு, இந்தக் கோடைக்குத்தான் எழுதுனாங்க: இணைப்பு போன வீட்டுல கடைசியா யார் இருந்தாங்களோ அவங்க சாகக் கிடக்கிறதா நெனச்சுக்கணும், வால்வ முழுசாத் திறந்துவிடணும்னு. செல்லு இருந்தா தட்பன் அவங்க வெளிய போறதப் பாத்துட்டு, வீடு காலின்னு சொல்லிரும். செல்லும் இல்ல, கரண்டும் இல்லன்னா அதுக்கென்ன தெரியும்?"

அமலோற்பவம் வழக்கம்போல இதைச் சண்முகவடிவுக்கு விளக்கிச் சொன்னாள். பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் ஒன்றும் ஆகாது, செல்லையும் எடுத்திருக்க வேண்டும், ஆள் வீட்டுக்குள் நிற்கும்போதே எடுத்திருக்க வேண்டும், உங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்திருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். சண்முகவடிவு பள்ளிக்கூடப் பிள்ளைபோல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையிலிருந்து அமலோற்பவத்தின் சொந்தத் தெருவிலிருந்து ஒரு அழைப்புகூட வரவில்லை. வெயில் ஏறுவதற்கு முன்பே அவளுடைய திரையில் அந்தத் தெரு வீடுகளைக் காட்டும் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பழுது பரவுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். அணைந்த வீடுகளைத் தானே கூப்பிட்டாள்.

"பிளக்க நல்லா சொருகியாச்சும்மா," என்றார் ஆறாம் வீட்டு முத்துவிசுவநாதன். "செல்லு புதுசு போட்டாச்சு. வைஃபை பெட்டிய பீரோவுலேர்ந்து வெளிய எடுத்து வச்சாச்சு. வயர ஆட்டியும் பாத்துட்டேன். ஒண்ணுக்கும் லைட்டு வரல. உள்ள போர்டுதான் போயிருக்கும்னு நெனக்கேன்."

அடுத்த வீட்டிலும் அதே பதில், அதே வரிசையில். அவள் இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொடுத்த சோதனைகளை எல்லாம் அவர்கள் அவளுக்கே ஒப்பித்தார்கள். அவளுக்குக் கோபத்தில் கண்ணீர் வந்தது. காதில் மாட்டியிருந்த ஒலிக்கருவியைக் கழற்றி வீசிவிட்டுச் சண்முகவடிவின் வீட்டுக்குப் போனாள். பிளக் தரையில் கிடந்தது. இரண்டு செல்லும் சாமி படத்துக்கு முன்னால் பத்திரமாக இருந்தன.

"ஒரு நாளைக்குத்தானட்டி," என்றாள் சண்முகவடிவு, முகத்தைப் பார்க்காமல். "இந்த வயசுல ஒரு நாளு நல்லாத் தூங்கக் கூடாதா? நான் ரெண்டு பேருகிட்டதான் சொன்னேன்."

"எங்க வீட்டுல ஒரு ஆளு இருக்குறத மறந்துட்டீங்களாக்கா?"

"தம்பிக்கு என்ன, அவுகளுக்குத்தான் எப்பவும் கெடைக்குதே."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கிடைப்பது எப்போதும் கிடைக்கும் என்று நம்பினாள். தெருவே அப்படித்தான் நம்பியது.

மதியத்துக்குள் தனிஸ்லாஸின் அறை முப்பதைத் தாண்டிவிட்டது. அமலோற்பவம் கோமதிநாயகத்திடம் கத்தினாள். "என் வீட்டுல இருக்குறது நெசமான நோயாளி சார்! தட்பனே சொல்லுதுல்ல?"

"அதான்மா சிக்கலு. உங்க வீட்டு நெலம தொட்டிக்குத் தெரியும். தெரிஞ்சவங்க அவ்வளவு மோசமில்லைன்னு கணக்கு. தெரியாதவங்கதான் சாகக் கிடக்காங்க. அவங்களுக்குக் குடுத்தது போக மிச்சம்தான் உங்களுக்கு. மிச்சம் இல்ல."

"அப்ப நானும் பிளக்கப் புடுங்கட்டா?"

"புடுங்குனா நாப்பது வீட்டோட நாப்பத்தொண்ணு. தொட்டி அடியத் தொட்டுட்டும்மா. இனிமே யாரு புடுங்கியும் ஒண்ணுமில்ல. அடி வத்திட்டா மறுபடி உறைய மூணு ராத்திரி ஆகும்." அவர் தயங்கினார். "இன்னொண்ணும் இருக்கு. இணைப்பு இல்லாம ஒரு நாள் போயிட்டா வால்வு தானா மூடிக்கும். சாகக் கிடக்கிறவரு ஒரு நாளைக்கு மேல கிடக்கமாட்டாருன்னு கமிட்டி முடிவு பண்ணிருக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் அது வேற துறை."

ஆஸ்பத்திரியில் குளிர்வார்டு நிரம்பி வழிந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் படுக்கை தர முடியும் என்றார்கள். தொட்டி வற்றிய பிறகும், உறைந்ததும் முதல் பங்கு தங்களுக்கே என்று தெருவில் யாரும் பிளக்கைத் திரும்பச் சொருகவில்லை. அன்று இரவு முழுவதும் அமலோற்பவம் ஈரப் போர்வையை மாற்றி மாற்றிப் போட்டாள். விடிந்து வெயில் ஏறியபோது தனிஸ்லாஸின் உடம்பு அடுப்பில் வைத்த பாத்திரமாகச் சுட்டது. தண்ணீர் குழாயிலிருந்தே வெந்நீராக வந்தது. அவன் சதுரங்கக் காய்களின் பெயரை உளற ஆரம்பித்தான். இவன் இன்று சாயங்காலம் இருக்கமாட்டான் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

அப்போதுதான் தெருவுக்குள் வண்டிகள் வந்தன. நீளமான வெள்ளை வண்டிகள். ஒவ்வொன்றிலும் கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

ஐஸ் பெட்டியை அறியாத தமிழர் கிடையாது. வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவரை வைத்திருக்கும் பெட்டி அது. ஏ.சி.யைத் தடை செய்த சட்டம் அதற்கு மட்டும் விலக்கு அளித்திருந்தது. இணைப்பு அறுந்து ஒரு நாள் ஆன நாற்பது வீடுகளிலும் ஆள் இறந்துவிட்டதாகக் கணக்கு முடிந்து, நாற்பது பெட்டிகளை அனுப்பியிருந்தார்கள்.

தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. முத்துவிசுவநாதன், "யாரு வீட்டுக்குய்யா கொண்டாறீரு?" என்று சட்டையைப் பிடிக்கப் போனார். பெட்டியின் நிழல் வாசலில் விழுந்துவிட்டதென்று ஒருத்தி மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். உயிரோடு இருக்கிற வீட்டுக்குள் அந்தப் பெட்டி நுழைவதை யார்தான் பொறுப்பார்கள்? சண்முகவடிவு விளக்குமாற்றோடு நின்றாள். "நான் குத்துக்கல்லாட்டம் நிக்கேன், எனக்குப் பெட்டி கொண்டாந்துருக்கான்! எடுத்துட்டுப் போயிரு!"

வண்டிக்காரன் சலிக்காமல் எல்லாப் பெட்டிகளையும் திரும்ப ஏற்றச் சொன்னான். அமலோற்பவம் ஓடி வந்து வண்டியின் குறுக்கே நின்றாள்.

"ஒரு பெட்டி இறக்குங்கண்ணே. இது கரண்டுல ஓடுறதுதான? பிளக்குல சொருகினா குளிரும்தான?"

"ஆமாக்கா. எந்த வீடு?"

அவள் காட்டினாள். அவன் கையிலிருந்த திரையைப் பார்த்தான். "அந்த வீட்டுல ரெண்டு பேரும் உசிரோட இருக்கிறதா தட்பன் சொல்லுதேக்கா. உசிரோட இருக்கிறவங்களுக்குக் குடுத்தா என் வேல போயிரும். இணைப்பு இல்லாத வீடா இருக்கணும், காலமானவங்க பேரும் வேணும்."

"என் புருஷன் செத்துப்போயிருவாருண்ணே."

"செத்த பொறகு கண்டிப்பா வருவேன்க்கா," என்றான் அவன். நல்ல மனதோடுதான் சொன்னான்.

அமலோற்பவம் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். நாற்பது வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ஒரு பெயர் போதும். ஆனால் தன் வீட்டில் ஒருவர் செத்துவிட்டார் என்று தன் வாயாலேயே சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

விளக்குமாறு கீழே விழும் சத்தம் கேட்டது.

"எழுதிக்கோப்பா," என்றாள் சண்முகவடிவு. "பேரு சண்முகவடிவு. வயசு அம்பத்தெட்டு. வீடு இதுதான்."

வண்டிக்காரன் திரையில் தட்டினான். "காலமானவங்க உங்களுக்கு என்ன வேணும்?"

"தூரத்துச் சொந்தம்."

பெட்டி அவள் கூடத்தில் இறங்கியது. வண்டி முனை திரும்புவதற்குள் முத்துவிசுவநாதனும் இன்னும் இரண்டு பேரும் தனிஸ்லாஸைப் போர்வையோடு தூக்கி வந்து உள்ளே கிடத்தினார்கள். மூடி விழாமலிருக்கச் சண்முகவடிவு அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்தாள். உள்ளே பெட்டி நன்றாகக் குளிர்ந்திருந்தது. அமலோற்பவம் அவன் நெற்றியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சூடு மெல்ல மெல்ல இறங்கியது. வெயில் தாழ்ந்தபோது அவன் கண்ணைத் திறந்து, கண்ணாடியையும் அதன் மேலே குனிந்திருந்த முகங்களையும் பார்த்தான்.

"என்னத்துக்கு யாருமே அழாம நிக்கிய?" என்றான்.

அமலோற்பவம் அதற்குப் பிறகுதான் அழுதாள்.

மூன்று இரவில் தொட்டி உறைந்தது. நாற்பது வீட்டுக்காரர்களும் கழகத்துக்குப் போய்த் தலையைக் குனிந்து நின்று, நாங்கள் சாகவில்லை என்று சொன்னார்கள். பெட்டியைத் திருப்பி அனுப்பியவர்கள் என்பதால் முப்பத்தொன்பது வீட்டுக்காரர்களைக் கழகமும் ஒப்புக்கொண்டது. தட்பன்கள் பச்சையாக எரிந்தன. சண்முகவடிவின் தட்பனும் எரிந்தது. ஆனால் அதில், 'வீட்டில் எவரும் இல்லை' என்று இருந்தது. வால்வு இறுக மூடிக் கிடந்தது.

அமலோற்பவம் எல்லாவற்றையும் சோதித்தாள். பிளக் சரி, செல் சரி, தொடர்பும் சரி. கருவியில் ஒரு பழுதும் இல்லை. சண்முகவடிவு அதற்கு முன்னால் நின்று கையை ஆட்டினாள். அது அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பேரு குடுத்துப் பெட்டியும் வாங்கியாச்சே," என்றார் கோமதிநாயகம். "உயிரோட இருக்காங்கன்னு மாத்தணும்னா தட்பன் பதிவு வேணும். செத்தவங்கள தட்பன் பதியாது. மேல எழுதிப் போட்டிருக்கேன்மா, கமிட்டி கூடணும்."

"நான் செல்லக் கழட்டிட்டா?" என்று சண்முகவடிவு கேட்டாள்.

"செத்தவங்க மறுபடி சாகக் கிடக்க முடியாதாம்க்கா." அமலோற்பவம் அவள் கையைப் பிடித்தாள். "எங்க வீட்டுக்கு வாங்க. உள்ளத பங்கு போட்டுக்கிடுவோம். ரெண்டு டிகிரி ஏறுனா ஏறட்டும், அவுகளுக்கு ஈரத்துண்டு போட்டுக்கிடுறேன்."

ஏறவில்லை. தனிஸ்லாஸின் அறைக்குள் பெயரில்லாத ஒரு சூடு வந்து உட்கார்ந்திருப்பதை அந்த வீட்டுத் தட்பன் கவனித்தது. அதை மனுஷியாகக் கணக்கில் எடுக்கவில்லை. ஏதோ ஒரு அடுப்பை உள்ளே கொண்டுவந்து வைத்திருப்பதாக எடுத்துக்கொண்டது. அடுப்பால் நோயாளிக்கு ஆபத்து வரக்கூடாதே என்று வால்வை இன்னும் கொஞ்சம் திறந்தது. அறை இருபத்துநான்கிலேயே நின்றது. அந்தக் கூடுதல் குளிர் மற்ற வீடுகளின் பங்கிலிருந்து துளித்துளியாக வந்தது. சண்முகவடிவு காலை நீட்டி உட்கார்ந்து, சதுரங்கத்தில் தனிஸ்லாஸுக்குத் தப்புத்தப்பாக யோசனை சொல்லிக்கொண்டிருந்தாள். செத்தபிறகு அவளுக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது.

ஒரு வாரம் கழித்து முத்துவிசுவநாதன் வந்தார். தன் வீட்டு முப்பது டிகிரியில் வியர்த்த உடம்போடு வாசலில் நின்று, உள்ளே சண்முகவடிவு போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவதை ரொம்ப நேரம் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சில தலைகள் தெரிந்தன.

"அமலு," என்றார் தாழ்ந்த குரலில். "ஒண்ணு கேக்கணும். நீதான் எதையும் புரியிற மாதிரிச் சொல்லுவ. இந்தச் சாவுக்கு மொதல்ல என்னம்மா செய்யணும்?"

அமலோற்பவத்துக்கு முழு வழியும் தெரியும். முதலில் எதைக் கழற்ற வேண்டும், எப்போது பெயரைச் சொல்ல வேண்டும், எல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றன. அவள் உள்ளே திரும்பி, தூங்கும் புருஷனின் நெற்றியை ஒருமுறை பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதுண்ணாச்சி," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் திரையில் முத்துவிசுவநாதனின் ஆறாம் வீட்டுப் பச்சைப் புள்ளி அணைந்தது.